பெங்களூரின் பழைய சுவருக்கு எந்தச் சுண்ணாம்பு?

பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், அல்சூர் பக்கம் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் நாட்டில் சிமெண்ட் தயாரிப்பு காலூன்றக் காரணமான குஜராத்தின் போர்பந்தர் ஆலையில் உற்பத்தி தொடங்கியதே 1914-இல்தான். அதற்கு முன் எழுப்பிய சுவர் என்றால், செங்கற்களுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து அல்லது மண் சாந்து. அது உதிர்ந்த இடத்தில் சிமெண்டை அப்புவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. சிமெண்ட் பூசிய இணைப்பு வழியாக ஈரம் வெளியேறாது. செங்கல் வழியாகத்தான் வரும். கூடவே வரும் உப்பு செங்கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அதனால் சுண்ணாம்புதான், சரி. எந்தச் சுண்ணாம்பு?

எளிதில் கிடைப்பது மூட்டைத் தூள். ஏற்கெனவே நீற்றி, அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தணித்து, உலர்த்தியது. தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் போதும் என்பதால் மேஸ்திரிகளுக்கும் பிடிக்கும். ஆனால் பழைய மூட்டை ஆபத்து. தூள் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, மூட்டைக்குள்ளேயே மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிவிடும். பார்க்க அதே வெள்ளைதான், பிடிப்பு மட்டும் இருக்காது. ஒரு சிட்டிகை தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். பெரிதாகப் பொங்காமல் கரைந்தால் நல்லது. நுரைத்துப் பொங்கினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு விற்கும் தூளும் இதே கடைகளில் கிடைக்கும். அதை வாங்கிவிடாமல், மூட்டையில் கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 712-உம், தூய சுண்ணாம்பைக் குறிக்கும் சி வகை என்ற குறிப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். மக்னீசியம் கூடிய டி வகை தாமதமாக நீறும். முழுசாக நீறாமல் சுவருக்குப் போனால், பிறகு உப்பிப் பூச்சைத் தெறிக்க வைக்கும்.

என் ஓட்டு, சுட்டபின் நீற்றாமல் கட்டியாகவே வரும் கட்டிச் சுண்ணாம்புக்கு. நல்லதா கெட்டதா என்பதை அதுவே கண்ணெதிரில் காட்டிவிடும். சுண்ணாம்புக்கல் முழுசாக வெந்தால் எடையில் 44 சதவீதம் வாயுவாகப் போய்விடும். அதனால் நன்றாகச் சுட்ட கட்டி கையில் எடுத்தால் லேசாக இருக்கும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் கட்டி. மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் அடிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். நல்ல கட்டி சில நிமிஷங்களில் சீறி, வெடித்து, வெண்ணெய் மாதிரி குழைந்துவிடும். அடியில் கல்லாகவே தங்குவது வேகாத பகுதி. அது நிறைய இருந்தால் அந்த லோடே வேண்டாம். குழைந்ததைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி சில வாரமாவது ஊற வையுங்கள். மூட்டைத் தூள் இந்த வழவழப்பைத் தருவதில்லை.

இதன் குறை, மெதுவாக இறுகுவது. கரியமில வாயுவை உள்வாங்கித்தான் கெட்டியாகும். அதற்குள் மழை அடித்தால் இணைப்பு கரையும். அதற்குத்தான் சுர்க்கி. நன்கு வெந்த செங்கல்லின் பொடி சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுக உதவும். சுண்ணாம்பு ஒன்று, சுர்க்கி ஒன்று, மணல் இரண்டு என்று ஆரம்பித்துச் சுவரின் ஒரு மூலையில் பூசிப் பாருங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பதும் நல்ல வழக்கம்தான், ஆனால் வெல்லம் அதிகமானால் இறுகுவது தள்ளிப்போகும்.

வெளிநாட்டிலிருந்து வரும் இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பு தண்ணீரிலேயே இறுகும், விலைதான் அதிகம். 2, 3.5, 5 என்று மூன்று தரம். 28 நாளில் எட்ட வேண்டிய குறைந்தபட்ச வலிமைதான் அந்த எண், மெகாபாஸ்கல் என்ற அளவில். 3.5 தரம் 10 வரை போகலாம் என்று ஐரோப்பியத் தர விதியே அனுமதிக்கிறது. அதனால் ‘பெரிய எண்தான் உசத்தி’ என்ற பேச்சை நம்பாதீர்கள். நம் ஊர் மெத்தென்ற பழைய செங்கல்லுக்கு 5 வேண்டவே வேண்டாம். மழை நேரடியாக அடிக்கும் கைப்பிடிச் சுவர், ஈரம் ஏறும் அடித்தளம் ஆகிய இடங்களுக்கு மட்டும் 2 அல்லது 3.5 வாங்கலாம்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு தூய்மையானது, வெண்மையானது. கடைசிப் பூச்சுக்கு அதற்கு ஈடில்லை. செங்கல் இணைப்புக்குள் அதைத் திணிப்பது வீண் செலவு.

எதை வாங்கினாலும் பழைய இணைப்பைக் கையால் சுரண்டியெடுத்து, செங்கல்லை நனைத்த பிறகே சாந்தைத் திணிக்கச் சொல்லுங்கள். ஈரக் கோணியை ஒரு வாரமாவது தொங்கவிடுங்கள். மே மாத மழைக்கு முன்னாலேயே வேலையை முடிக்கும்படி, ஜனவரியில் சுண்ணாம்பை ஊறப் போட்டுவிடுங்கள்.