பெரிய திரையா, நல்ல கேமராவா? ஆரி ஒர்க் செய்யும் கையில் இரண்டு போன்கள்

கடலூர் திருப்பாப்புலியூரில் வீட்டிலேயே ஆரி ஒர்க், அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி, செய்கிறேன். பாதி ஆர்டர் நெய்வேலி, பாண்டிச்சேரியிலிருந்து வரும். முகூர்த்தப் புடவையின் படம் வாட்ஸ்அப்பில் வரும். முடித்த ப்ளவுஸின் படம் அதிலேயே போகும். எனக்கு போனும் ஊசி, ஃபிரேம் மாதிரி ஒரு வேலைச் சாமான்தான்.

2021-இல் லாரன்ஸ் ரோட்டில் 6.8 அங்குலத் திரை உள்ளதை வாங்கினேன். டிசைன் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதுதான் எண்ணம். 2023 கடைசியில் கேமராவுக்காக 6.1 அங்குலத்துக்கு மாறினேன். விலை ஏறக்குறைய இரட்டிப்பு, மனசு வலித்தது. இரண்டு மாடலுமே பழசாகிவிட்டதால் பெயரை விட்டு அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில் திரை. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை எடுப்பது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: பெரியதன் அகலம் 7 செ.மீ., சின்னதன் அகலம் 6.4 செ.மீ. வித்தியாசம் வெறும் 6 மில்லிமீட்டர். மீதியெல்லாம் உயரத்தில் போய்விடுகிறது. ஆனாலும் ட்ரேஸ் எடுக்க அந்தப் பெரிய திரைதான் சௌகரியம். வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, மேலே ட்ரேசிங் பேப்பர் வைத்தால் ஒரு மாங்காய் மோட்டிஃப் அப்படியே அடங்கும். பேட்டரியும் தாங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் கரன்ட் போனாலும் மறுநாள் மதியம் வரை ஓடியது. சின்னது சாயங்காலமே சார்ஜர் கேட்கிறது.

அப்படியிருந்தும் ஏன் மாற்றினேன்? ஒரு கல்யாண ப்ளவுஸ். பெண் வீட்டார் துணியை முன்னாடியே கொடுத்திருந்தார்கள். அதை ராத்திரி பல்பு வெளிச்சத்தில் படம் எடுத்து, அந்தப் படத்தைக் காட்டித்தான் கடையில் நூல் வாங்கினேன். படத்தில் பளிச்சென்ற சிவப்பு, துணியோ அரக்கு. ஒரு கை முடித்த பிறகு பகலில் பார்த்தால் நூல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டு ராத்திரி வேலையைப் பிரித்தேன். கை நடுங்கியது.

பழையதில் 48 மெகாபிக்சல், புதியதில் 50. எண்ணைப் பார்த்தால் ஒன்றேதான். வித்தியாசம் லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்கும் சென்சாரில். அதன் அளவை 1/2, 1/1.5 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். கீழே உள்ள எண் சிறியதானால் சென்சார் பெரிது, வெளிச்சம் அதிகம் வாங்கும். புதியதில் கை ஆட்டத்தைத் தாங்கும் ஓ.ஐ.எஸ். இருப்பதால், விளக்கு மங்கலாக இருந்தாலும் சரிகை இழை கலங்காமல் விழுகிறது. ஆடும் பொருளுக்கு அது உதவாது. தேவனாம்பட்டினத்தில் மாசி மக விடியலில் எடுத்ததில் மணல் தெளிவு, ஓடுகிற பிள்ளைகள் மங்கல்.

பெரிய சென்சாருக்கும் ஒரு தொல்லை உண்டு. கிட்டே கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது. ஒரு முழம் தள்ளி நின்று 2x ஜூம் வைத்து எடுக்கிறேன், ஜர்தோசி என்கிற உலோகக் கம்பிச் சுருள் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு வருகிறது. பழையதில் கிட்டே வைத்து எடுப்பதற்கென்றே இருந்த 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸை இரண்டு தடவைக்கு மேல் தொட்டதில்லை.

நிறத்தில் கேமராவை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். புதிய போனின் திரை ‘விவிட்’ நிலையில் வந்தது, எல்லாம் ஒரு படி தூக்கலாகத் தெரியும். ‘நேச்சுரல்’ நிலைக்கு மாற்றிய பிறகுதான் துணியும் படமும் பக்கத்தில் வந்தன. ஃபிரேம் முழுக்க ஒரே நிறத் துணி இருந்தாலும் கேமரா ஏமாறும். ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்து, நேர் வெயில் படாத ஜன்னலருகே எடுங்கள். அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். இவ்வளவும் செய்தாலும் நூல் வாங்கத் துணியை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

துணி, நகை, சாப்பாடு என்று படம் எடுத்து விற்பவர்கள் கேமராவுக்கே பணத்தைக் கொடுங்கள். படிக்கவும் பார்க்கவும் மட்டும் என்றால் பெரிய திரை போதும். என் பெரிய போன் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்தைப் பெரிதாக்கித் தினமும் செய்தி படிக்கிறார். ட்ரேஸ் எடுக்க வேண்டிய நாளில் அவர் படித்து முடிக்கும் வரை காத்திருந்து வாங்கிக்கொள்கிறேன்.