லட்ச ரூபாய் போனை எந்த வாசல் வரை கொண்டு போகலாம்? சோன் 1 போன்கள் பற்றி ஒரு மதிப்பீடு

காஸ் குடோன், டேங்கர் இறக்கும் இடம், நிலக்கரி அரைக்கும் பகுதி, இங்கெல்லாம் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ‘இதை மட்டும் உள்ளே கொண்டு போகலாம்’ என்று சொல்லி விற்கும் ரகம்தான் சோன் 1 போன் (தீப்பற்றும் ஆவி அவ்வப்போது வருகிற இடத்துக்குத்தான் சோன் 1 என்று பெயர்). ஜெர்மனியின் ஐ.சேஃப் மொபைல், பெப்பர்ல் ஃபுக்ஸ் குழுமத்தைச் சேர்ந்த ஈகாம், பார்டெக் போன்ற சில நிறுவனங்கள் இதற்கென்றே இருக்கின்றன. விலை பெரும்பாலும் லட்சத்தை ஒட்டி நிற்கும், மேலேயும் போகும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பொருள் நல்ல பொருள்தான். ஆனால் நெல்லைச் சீமையில் இதை விசாரிக்கிறவர்கள் பலருக்கு இது தேவையே இல்லை. தேவைப்படுகிறவர்களிலும் சிலர் வாங்கிய கையோடு அதன் சான்றிதழைத் தாங்களே செல்லாததாக்கி விடுகிறார்கள்.

கொடுக்கிற காசு எதற்கு என்று பார்ப்போம். சமையல் எரிவாயு காற்றோடு சரியான அளவில் கலந்திருந்தால் அதைப் பற்றவைக்கச் சுமார் கால் மில்லிஜூல் ஆற்றல் போதும். 4,000 எம்ஏஎச் பேட்டரி ஒன்றில் அடைபட்டிருப்பது ஏறக்குறைய 55,000 ஜூல். அதில் அணுவளவு, தவறான இடத்தில், பொறியாக வெளிவந்தால் வேலை முடிந்தது. கீழே விழுந்து பேட்டரித் தொடர்பு ஒரு கணம் விட்டுச் சேர்வது, அதிர்வு மோட்டார், பட்டனின் உள் தொடர்பு, சார்ஜ் துளையில் ஈரம் இறங்கி ஷார்ட் ஆவது எல்லாம் பொறிக்கு வழிகள். சோன் 1 போனில் பேட்டரியை ஒட்டியே மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சுற்று இருக்கும். ஒரு பாகம் பழுதானாலும் வெளிவரும் பொறி வாயுவைப் பற்றவைக்கும் அளவை எட்டாதபடி கணக்கிட்டிருப்பார்கள். வெளிக்கூட்டின் பிளாஸ்டிக்கும் நிலைமின்னேற்றம் தங்காதபடி தேர்ந்தது. போன் தடிமனாக, கனமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ‘மில்லிட்டரி தரம்’, ‘தண்ணீரில் போட்டாலும் சாகாது’ என்று விற்கும் முரட்டு போன்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. ஐபி68 என்பது தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது என்ற உறுதி மட்டுமே. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய.

அடுத்து பார்க்க வேண்டியது பின்புறத்து எழுத்து. விளம்பரத்தை நம்பாமல் போனைத் திருப்பிப் பாருங்கள். அறுகோணக் கட்டத்துக்குள் ‘இ எக்ஸ்’ அடையாளம், பக்கத்தில் ‘ஐபி, ஐஐசி, டி4, ஜிபி’ (ib IIC T4 Gb) என்ற வரிசை பொடி எழுத்தில் இருக்கும். முதலில் வரும் ‘ஐபி’ (ஐபி68-ல் வரும் ஐபி அல்ல) பாதுகாப்பு முறையைச் சொல்கிறது: ‘ஐஏ’ என்றால் சோன் 0 வரை, ‘ஐபி’ என்றால் சோன் 1, ‘ஐசி’ என்றால் சோன் 2 மட்டும். சோன் 0 என்பது டேங்கின் உள்புறம்போல எப்போதும் ஆவி நிற்கிற இடம். சோன் 1, வழக்கமான வேலையிலேயே அவ்வப்போது ஆவி வருகிற இடம். சோன் 2, ஏதாவது கசிந்தால் மட்டும் கொஞ்ச நேரம் வருகிற இடம். ‘ஐஐசி’ வாயுவின் வகை. எல்பிஜியும் பெட்ரோலும் ஐஐஏ, எத்திலீன் ஐஐபி, ஹைட்ரஜனும் அசிட்டிலினும் ஐஐசி. மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் இன்ஜின் சோதனைக்குப் பயன்படுகிற திரவ ஹைட்ரஜனும், ஊர் மூலையில் வெல்டிங் பட்டறையில் நிற்கிற அசிட்டிலின் சிலிண்டரும் இந்தக் கணக்கில் ஒரே வகை. ஹைட்ரஜனைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல்கூட வேண்டாம். ‘டி4’ என்றால் போனின் வெளிப்பரப்பு எதிர்பார்க்கக்கூடிய பழுதிலும் 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கடைசியில் உள்ள ‘ஜிபி’ வாயு இருக்கும் சோன் 1 இடத்துக்கு ஏற்றது என்பதன் முத்திரை.

சான்றிதழ் எண்ணின் கடைசி எழுத்தையும் பாருங்கள். பெருக்கல் குறிபோல ‘எக்ஸ்’ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் ‘சில நிபந்தனைகளோடு மட்டும்’ என்று பொருள். அந்த நிபந்தனைகள் பெட்டிக்குள் இருக்கும் பொடி எழுத்துக் கையேட்டில் உண்டு. அபாயப் பகுதியில் சார்ஜ் போடாதே, பின்மூடியைத் திறக்காதே, நிறுவனம் சொன்ன உறையைத் தவிர வேறு போடாதே என்கிற மாதிரி. கையேட்டைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டு போனை மட்டும் எடுத்து வருவதுதான் நம்மூர் வழக்கம்.

இன்னொன்று, ஏடெக்ஸ் ஐரோப்பியச் சான்று. இந்தியாவில் பெட்ரோலியம் கையாளும் இடத்தில் அது மட்டும் போதாது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோவின் (மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதலும் வேண்டும். விற்பனையாளர் ஏடெக்ஸ் தாளைக் காட்டி ‘எல்லாம் இருக்கு அண்ணாச்சி’ என்றால், பெசோ கடிதத்தில் உங்கள் மாடல் எண் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். ஐஎஸ் என்று தொடங்குகிற ஒரே குடும்ப மாடல்களில் ஒன்றுக்கு ஒப்புதல் இருந்து மற்றொன்றுக்கு இல்லாமல் போகலாம்.

கையில் எடுத்துப் பயன்படுத்துகையில் முதலில் கவனிக்க வேண்டியது வெப்பம். பெரும்பாலான மாடல்களுக்குச் சுற்றுப்புற வெப்ப வரம்பை கூட்டின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், 50 அல்லது 60 டிகிரி வரை. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டைச் சாலையோரம் நிறுத்திய லாரியின் டேஷ்போர்டு அதை எளிதில் தாண்டும். அங்கே கிடந்த போனை எடுத்து நேராக டேங்கர் வால்வுக்குப் பக்கத்தில் போய் நின்றால், சான்றிதழ் பேசுகிற வரம்புக்கு வெளியே நிற்கிறீர்கள். சூடேறிய போனை நிழலில் அரை மணி வைத்துவிட்டுப் பயன்படுத்துவதே சரி. ஒலி பெருக்கி நல்ல சத்தம். அரிசி ஆலை இரைச்சலிலும் பேச்சு கேட்கும். பக்கவாட்டில் வாக்கிடாக்கிபோல அழுத்திப் பேசும் பட்டனும், சில மாடல்களில் ஆபத்துக்கு அழுத்தும் சிவப்புப் பட்டனும் உண்டு. கையுறையோடு திரை வேலை செய்யும், ஆனால் எண்ணெய் படிந்த கையுறையில் தடுமாறும். கேமரா சுமார். கேமரா இல்லாத மாடல்களும் கிடைக்கும். பாதுகாப்புக் காரணத்தால் படமெடுக்கத் தடை உள்ள ஆலைகளுக்கு அதுவே உகந்தது.

சான்றிதழ் கெடுவது எங்கே? பெரும்பாலும் மூன்று இடத்தில்.

திரையில் ஒட்டும் டெம்பர்ட் கிளாஸ். போனின் முகப்பு நிலைமின்னேற்றம் சேராதபடி சோதிக்கப்பட்டது, ஒட்டிய பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ அல்ல. சட்டைத் துணியில் உரசினால் மின்னேற்றம் அதில் சேரும். விலை உயர்ந்த போன் ஆயிற்றே என்று ஆசையாய் ஒட்டுகிறார்கள், அதோடு போயிற்று. இரண்டாவது, விரிசல். திரை ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்தாலும், மூடியின் ஒரு திருகு காணாமல் போனாலும் அந்த போன் சாதாரண போன் ஆகிவிடுகிறது. தெருவோரக் கடையில் திரை மாற்றினால் கண்ணுக்குப் புதிதாகத் தெரியும், சான்றிதழ் திரும்பாது. மூன்றாவது, சார்ஜர். போனுக்கென்று கொடுத்த சார்ஜரை மட்டும் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள், காரணம் அதிகபட்ச மின்னழுத்தம் கணக்கிடப்பட்டிருப்பது. வெளியூர் போகும்போது எதையோ செருகினால் உள்ளே காக்கும் பாகம் சேதமாகி, வெளியே எதுவும் தெரியாமலே இருக்கும். சில மாடல்களில் சார்ஜ் துளைக்குப் பதில் பின்புறம் தங்க நிறத்தில் சிறு பொட்டுகள் வரிசையாக இருக்கும். அதில் காய்ந்த மசகும் தூசியும் படிந்தால் சார்ஜ் ஏறாது. மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், ஊசியால் சுரண்டக் கூடாது. சார்ஜ் போடுவது எப்போதும் பாதுகாப்பான பகுதியில்தான், கையேடு சொல்கிற வெப்ப வரம்புக்குள்.

தூசி இருக்கும் இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாழையூத்துப் பக்கத்துச் சிமென்ட் தொழிலில் நிலக்கரி அரைக்கும் பகுதி, கரிசல் பக்கத்துப் பஞ்சாலை, ஜின்னிங் கூடம் எல்லாம் வாயுவைவிடத் தூசியால் பற்றும் இடங்கள். இங்கே தேட வேண்டியது ஐஐஐசி (தூசி வகை), டி135 (135 டிகிரி வெப்ப வரம்பு) என்ற வேறு வரிசை. மேலே 5 மில்லிமீட்டர் தூசி படிந்த பொருள் வெப்பத்தை வெளிவிட முடியாமல் சூடேறும். அதனால் பணி முடிந்ததும் போனைக் கழுவித் துடைப்பது பாதுகாப்பில் ஒரு பகுதி. வாயுவுக்கு மட்டும் சான்று பெற்ற போனைப் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே வைக்காதீர்கள்.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலுக்கு இதை வாங்க விசாரிக்கிறவர்களும் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் உண்டு. வாங்க வேண்டாம். இந்தச் சான்று வெடிக்கக்கூடிய வாயுவுக்கும் தூசிக்கும் மட்டும். வெடிமருந்தைத் தயாரிக்கும், கையாளும் இடங்களை அந்தத் தரநிலை தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. மருந்து கலக்கும், செலுத்தும் அறைக்குள் எந்த போனும் வரக் கூடாது. கல்குவாரியில் மின்கம்பி டெட்டனேட்டர் இருக்கும் இடத்திலும் அப்படித்தான். அங்கே பயம் பொறி அல்ல, போன் வீசும் ரேடியோ அலை கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டுவது. சோன் 1 போனும் அதே அலையைத்தான் வீசுகிறது.

பெட்ரோல் பங்க் விஷயத்தில் நிறையக் குழப்பம். ரேடியோ அலையே பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சர்வதேசத் தரநிலை ஐஐஏ வாயுவுக்கு 6 வாட் வரையும், ஹைட்ரஜன் வகைக்கே 2 வாட் வரையும் அனுமதிக்கிறது. 4ஜி போன் வீசுவது உச்சத்தில் 0.2 வாட். உண்மையான அபாயம் வேறு. சீட்டிலிருந்து இறங்கி கையை நீட்டும்போது சுருக்கென்று உணர்கிற பொறி ஒன்று, ஏறக்குறைய ஒரு மில்லிஜூல் இருக்கும். பெட்ரோல் ஆவிக்கு அதுவே போதும். காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே டேங்க் மூடியைத் திறக்கும்போது கவனம் சிதறி எண்ணெய் வழிவதும் அதற்கு அடுத்தது. அதனால் பங்க் ஊழியருக்கு லட்ச ரூபாய் போன் வேண்டாம். யுபிஐ கோட் அட்டையை நாசிலுக்குப் பக்கத்தில் மாட்டாமல் அலுவலகச் சுவரோரம் நகர்த்துங்கள். டேங்கர் எண்ணெய் இறக்குகிற நேரத்தில் மட்டும் இறக்குமிடத்துக்கும் வென்ட் குழாய்க்கும் அருகில் யாரும் போனோடு நிற்கக் கூடாது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். வீட்டிலோ குடோனிலோ காஸ் வாசனை வந்தால் முதலில் வெளியே வந்து தள்ளி நின்று, பிறகு 1906 அவசர எண்ணை அழையுங்கள். உள்ளே நின்று எந்த போனும் எடுக்காதீர்கள், சோன் 1 போனாகவே இருந்தாலும்.

மாற்று வழிகளாக விற்கப்படுபவற்றில் சில வெறும் ஏமாற்று. நெருப்பு தடுக்கும் பை, ஸ்டிக்கர் எல்லாம் வாங்காதீர்கள். ஃபிளைட் மோடு ரேடியோவை அடைக்கும், பேட்டரியை அல்ல. அணைத்து வைத்த போனும் கீழே விழலாம். வாசலில் டோக்கனோடு ஒரு பூட்டும் அலமாரி போதும், சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அங்கே ஸ்மார்ட் வாட்ச், காதில் மாட்டும் பட், கழுத்து ஃபேன், வண்டி ரிமோட் சாவி நான்கையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். போனை மட்டும் வாங்கி வைத்துவிட்டுக் கையில் வாட்சோடு உள்ளே விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

எனவே யாருக்கு வாங்கலாம்? எரிவாயு நிரப்பும் ஆலை, ஆயில் டெர்மினல், கரைப்பான் கையாளும் கெமிக்கல் ஆலை, நிலக்கரி ஆலைப் பிரிவு ஆகிய இடங்களில் நாளெல்லாம் சோன் 1 பகுதியில் நின்று, படமெடுத்து அனுப்ப, செயலியில் படிவம் நிரப்ப வேண்டிய மேற்பார்வையாளருக்கு ஒன்று. ஷிப்ட்டுக்கு ஒன்று போதும், ஆளுக்கு ஒன்று அல்ல. பேச மட்டும் வேண்டுமென்றால் அதே சான்றுள்ள வாக்கிடாக்கி மேல், பேட்டரி நீடிக்கும். சோன் 2 பகுதி மட்டும் உள்ளவர்கள் ‘ஐசி’ ரகத்தை வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம், ஆனால் எவரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டாதபடி நிறத்தில் வித்தியாசமான உறை கேட்டு வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் விற்பனையாளரிடம் இதெல்லாம் எழுத்தில் வேண்டும். பெசோ ஒப்புதல் கடிதத்தின் நகல், மாடல் எண்ணோடு. நெட்வொர்க்: ஜியோவுக்கு 3, 5, 40 ஆகிய பேண்டுகள் (அலைவரிசைகள்) வேண்டும், வோல்ட்டி (4ஜி வழியே பேசும் வசதி) வழியாகவே குரல் போகும். ஐரோப்பிய மாடலில் 40 இல்லாவிட்டால் சிக்னல் குறையலாம், அந்த போனில் வோல்ட்டி அனுமதிக்கப்படாவிட்டால் டேட்டா மட்டும் கிடைத்து அழைப்பு போகாது. ஆலைக்குள் எந்த நிறுவனச் சிக்னல் வருகிறது என்று சாதாரண போனை வெளிச்சுவரோரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆண்ட்ராய்டுப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பதையும் கேளுங்கள், பழைய பதிப்பில் நின்றுபோனால் அலுவலகச் செயலிகள் ஒன்றொன்றாக வேலை செய்யாமல் போகும். கடைசியாக, பேட்டரி: மூன்று நான்கு ஆண்டில் மாற்ற வேண்டிவரும், அங்கீகரித்த சேவை மையம் மட்டுமே மாற்றலாம். அந்த மையம் இந்தியாவில் இருக்கிறதா, எத்தனை நாளில் திரும்பி வரும், அதுவரை மாற்று போன் தருவார்களா என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.