ஜெய்ப்பூர் காலா, பிளேடா: ஓடப்போகிற பிள்ளைக்கு எது?

முழங்காலுக்குக் கீழே காலிழந்த பிள்ளை மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓட ஆசைப்பட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி: இருக்கிற செயற்கைக் காலான ஜெய்ப்பூர் காலே போதாதா?

நடக்கத் தாராளமாகப் போதும். 1968-இல் நம் ஊர் வாழ்க்கையை மனதில் வைத்தே உருவான ரப்பர் பாதம் அது. செருப்பில்லாமல் நடக்கலாம், சம்மணம் போடலாம், வயல் சேற்றில் இறங்கலாம். இலவசமாகத் தருபவர்களும் உண்டு. ஓட்டத்துக்கு வேண்டிய உந்துவிசைதான் அதில் குறைவு.

கார்பன் பிளேடு என்பது ஓடுவதற்கென்றே செய்த, வளைந்த கார்பன் இழைத் தகடு. அதற்குக் குதிகாலே கிடையாது. மிதித்தால் வளைந்து, வில் மாதிரி நிமிர்ந்து ஆளை முன்னே தள்ளும். ஆனால் அதில் சும்மா நிற்பதே சிரமம். விலையோ லட்சங்களில். உடல் எடைக்கேற்ற விறைப்பு வேண்டும் என்பதால், பிள்ளை வளர வளர பிளேடையும் மாற்ற வேண்டிவரும்.

எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது, மீதிக் கால் உள்ளே பொருந்தும் கூடான சாக்கெட்டைத்தான். சித்திரை வெயிலில், மீதிக் காலின் மேல் மாட்டும் மெத்தென்ற உறையான லைனருக்குள் வியர்வை தேங்கினால் செயற்கைக் கால் வழுக்கும், தோல் உரியும். பயிற்சிக்கு நடுவே கழற்றித் துடைத்து, உலர்த்தி மாட்டியே ஆகவேண்டும்.

கடன்பட்டு முதலிலேயே பிளேடு வாங்காதீர்கள். இருக்கிற காலோடு இடுப்பும் தொடையும் வலுவாகட்டும். பயிற்சியாளர் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லும்போது வாங்கலாம்.