இன்குபேட்டரா, கங்காருவா: 1,180 கிராம் குழந்தைக்கு நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் மகள் முப்பதாவது வாரத்தில் பிறந்தாள். எடை 1,180 கிராம். மளிகைக் கடையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் வாங்கினால், அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

அவள் பிறந்த மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் எல்லாம் புத்தம் புதுசு. இரட்டைச் சுவர், தொடுதிரை, உள்ளே ஈரப்பதத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அம்மா பார்க்க காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். அப்பாவுக்கு அதுவும் கிடையாது, கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டும். பதினோராம் நாள் அவளை இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே பெட்டிகள் பழசு. ஒரு பெட்டியில் கையை உள்ளே விடும் கைத்துளைக் கதவில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை முதல் நாளே கவனித்தேன். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி, கொஞ்சம் தள்ளி அம்மாக்களுக்குக் கட்டில். இருபத்துநாலு மணி நேரமும் உள்ளே இருக்கலாம்.

"நல்ல மிஷின் இருந்த இடத்தை விட்டுட்டு ஏன் போனீங்க?" என்று சொந்தத்தில் இன்னும் கேட்கிறார்கள். அதற்குப் பதில்தான் இது. நான் டாக்டர் இல்லை. ஏழு வாரம் ஐசியூ வாசலிலும் உள்ளேயும் கிடந்த ஒரு அப்பா. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

கங்காரு என்பது, டயபரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை அம்மா அல்லது வேறு ஒருவரின் வெறும் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டி வைத்திருப்பது. பெட்டி என்று நான் சொல்வது இன்குபேட்டரை. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பெட்டி எதிரி இல்லை. இரண்டாவது இடத்திலும் நெஞ்சில் இல்லாத நேரமெல்லாம் அவள் பெட்டியில்தான் இருந்தாள். கேள்வி, குழந்தையின் நாள் எதைச் சுற்றி ஓடுகிறது என்பதுதான். பெட்டியைச் சுற்றியா, அம்மாவைச் சுற்றியா?

ஏழாம் மாதத்தில் குழந்தையின் மூளை ஓரளவு வழவழப்பாகத்தான் இருக்கும். நாம் படத்தில் பார்க்கும் மடிப்புகள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் விழுபவை. 34 வாரத்தில்கூட மூளையின் எடை, நிறைமாதக் குழந்தையின் மூளையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அந்த மிச்ச வளர்ச்சி கர்ப்பப்பைக்குள் நடக்க வேண்டியது. எங்கள் மகளுக்கு அது குழல் விளக்குக்குக் கீழே நடந்தது. அதனால் ஐசியூவில் எடையும் மூச்சும் மட்டும் கணக்கில்லை, அந்த வாரங்களில் மூளைக்குள் என்ன போகிறது என்பதும் கணக்கு.

முதல் மூன்று நாளைப் பற்றி ஒப்பிட ஒன்றும் இல்லை. மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து அப்போதுதான் அதிகம். தலையை நேராக வைப்பது, தேவையில்லாமல் தொடாமல் இருப்பது, டயபர் மாற்றும்போது காலைத் தூக்காமல் இருப்பது, மூச்சு விட மறக்காமல் இருக்க காஃபின் மருந்து (ஆமாம், காபியில் இருக்கும் அதேதான்), பிரசவத்துக்கு முன்பே அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசியும் மெக்னீசியம் சல்பேட்டும். இதையெல்லாம் முதல் மருத்துவமனை குறையில்லாமல் செய்தது, நன்றி. உச்சிக்குழி வழியாக எடுத்த தலை ஸ்கேன் இரண்டு தடவையும் சுத்தமாக வந்தது. உடனே மாற்றாமல் பதினோரு நாள் காத்திருந்ததற்கும் இதுவே காரணம். பிறந்த கையோடு ஆம்புலன்ஸில் குலுக்கிக்கொண்டு போவதே கசிவு ஆபத்தைக் கூட்டும்.

சூட்டைப் பொறுத்தவரை இரண்டும் சமம்தான். நிலைமை சீரான குழந்தைக்கு அம்மாவின் நெஞ்சு பெட்டிக்கு இளைத்ததில்லை. பணக் கணக்கைச் சொல்லவே வேண்டாம், எது மலிவு என்று உங்களுக்கே தெரியும்.

கிருமித் தொற்றுதான் முதல் மருத்துவமனை சொன்ன பெரிய காரணம். "உள்ளே ஆள் வந்தா கிருமி வரும் சார்." கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு வேறு கதை சொல்கிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என ஐந்து நாடுகள். இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகள். ஒரு பாதிக்குப் பிறந்ததிலிருந்தே அம்மாவின் நெஞ்சு, அதற்காக அம்மாவையே ஐசியூவுக்குள் படுக்க வைத்தார்கள். மறு பாதிக்கு வழக்கம்போல் முதலில் பெட்டி, நிலைமை தேறிய பிறகு கங்காரு. 28 நாளுக்குள் இறந்தவர்கள் பெட்டிப் பக்கம் 15.7 சதவீதம், நெஞ்சுப் பக்கம் 12. வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ரத்தத்தில் தொற்று என்ற சந்தேகமும் நெஞ்சுப் பக்கம்தான் குறைவு. யோசித்தால் புரிகிறது. ஐசியூவில் பத்துக் குழந்தைகளைத் தொட்டுவிட்டு வரும் கை ஆபத்தா, ஒரே குழந்தையை மட்டும் தொடும் அம்மாவின் கையா? ஆனால் கை கழுவுவதில் சலுகையே கிடையாது. எனக்குச் சளி பிடித்த மூன்று நாள் நானே வாசலோடு நின்றுகொண்டேன்.

சத்தம் பற்றி எனக்கு ஒரு தப்பான எண்ணம் இருந்தது. பெட்டிக்குள் அமைதியாக இருக்கும், மூளைக்கு நல்லது என்று. ஐசியூவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு சொல்லும் அளவு. பெட்டி மூடியின் மேல் பால் பாட்டிலை டக்கென்று வைத்தால் உள்ளே அது இடி. கைத்துளைக் கதவைப் பட்டென்று சாத்தும்போது குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போடுவதைக் கண்ணாடி வழியே எத்தனை முறை பார்த்தேனோ. சரி, முழு அமைதி கிடைத்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் தனி அறையில் வளர்ந்த குறைமாதக் குழந்தைகளையும் பொது வார்டில் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டு 2014இல் ஒரு ஆய்வு வந்தது. தனி அறைக் குழந்தைகள்தான் இரண்டு வயதில் பேச்சில் பின்தங்கியிருந்தார்கள். பெற்றோர் அதிகம் வராத தனி அறை என்றால் அமைதியைவிடத் தனிமைதான் மிஞ்சும் என்று நான் புரிந்துகொண்டேன். அந்த மூளைக்கு இரைச்சல் வேண்டாம், ஆனால் ஒரு குரல் வேண்டும்.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். மணி நேரம்.

முதல் மருத்துவமனையிலும் கங்காரு உண்டு என்று சொன்னார்கள். "நாங்களும் குடுக்கிறோம் சார், வெயிட் ஒன்றரை கிலோ வரட்டும், தினமும் அரை மணி நேரம்." ரிஜிஸ்டரில் அதுவும் கங்காருதான். ஆனால் நான் மேலே சொன்ன ஆய்வில் நெஞ்சுப் பக்கக் குழந்தைகள் ஐசியூவில் நாளொன்றுக்கு நெஞ்சில் இருந்த நேரத்தின் இடைநிலை அளவு 16.9 மணி. பெட்டிப் பக்கத்தில் 1.5 மணி. கவனியுங்கள், அந்தப் பக்கமும் ஒன்றரை மணி நேரம் கங்காரு கிடைத்திருக்கிறது! உயிர் தப்பிய கணக்கில் வித்தியாசம் வந்தது கங்காரு என்ற பெயரால் இல்லை. சீக்கிரம் தொடங்கியதாலும், அந்தப் பதினைந்து மணி நேர இடைவெளியாலும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவும் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்.

ஆகவே எந்த மருத்துவமனையிலும் "கங்காரு உண்டா?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. உண்டு என்றுதான் சொல்வார்கள். ராத்திரி உள்ளே இருக்கலாமா, அம்மா தவிர யார் உட்காரலாம், நாற்காலி சாயுமா, அம்மாவுக்குச் சாப்பாடும் பாத்ரூமும் எவ்வளவு தூரத்தில். இதைக் கேளுங்கள். சிசேரியன் தையலோடு இருக்கும் ஒரு பெண்ணைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எட்டு மணி நேரம் என்று பேசுவது அநியாயம்.

நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதினோம். முதல் நாள் 1 மணி 20 நிமிடம். குழந்தையைத் தூக்கி வைப்பதே அதற்கு ஒரு அலைச்சல், அதனால் வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது எடுக்கக் கூடாது என்று சிஸ்டர் சொன்னார். முதல் வாரம் முடிய ஐந்து மணியைத் தொட்டோம். அதற்கு மேல் மனைவியால் முடியவில்லை, அழுதுவிட்டாள். அப்புறம்தான் ஷிஃப்ட் போட்டோம். பகலில் மனைவி, மதியம் அவள் தூங்க என் அத்தை, ராத்திரி பதினொன்றிலிருந்து நாலு வரை நான். மூன்றாம் வாரம் பதினோரு மணி நேரம். பதினாறைத் தொட எங்களால் முடியவே இல்லை. வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்தவன் இருந்தான், எனக்கு லீவு இல்லை, அத்தைக்கு முதுகுவலி.

அத்தைக்கு முதலில் இதில் நம்பிக்கையே இல்லை. "பூனை குட்டிய வெச்சிருக்கிற மாதிரியில்ல இருக்கு மாப்ள" என்றார். பத்து நாளில், நான் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் குழந்தையை விட மனசில்லாமல் "நீங்க போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்ப ஆரம்பித்தார்.

ராத்திரி ஷிஃப்டை ஒரு முறை சொல்கிறேன். சட்டைப் பட்டனை அவிழ்த்துவிட்டு நாற்காலியைப் பாதி சாய்த்துக்கொள்வேன். சிஸ்டர் குழந்தையை டயபரும் குல்லாவுமாகக் கொண்டுவந்து நெஞ்சுக்கு நடுவில் வைப்பார். கால் தவளை மாதிரி மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, மூச்சுக்குழல் மடங்காதபடி முகவாய் லேசாகத் தூக்கி. மேலே பழைய நூல் புடவைத் துணியால் ஒரு கட்டு. முதல் ஐந்து நிமிடம் நெளிவாள். பிறகு புருவத்தின் சுருக்கம் போகும், முஷ்டி விரியும். பெட்டியில் இருக்கும்போது மூச்சை மறந்து மானிட்டர் கத்துவதும், சிஸ்டர் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டுவதும் ஒரு ராத்திரிக்கு நாலைந்து முறை நடக்கும். என் மேல் இருந்தபோது பல ராத்திரி ஒரு முறைகூடக் கத்தவில்லை. குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதையும் சிஸ்டர் நெஞ்சில் வைத்தபடியே செய்வார். சின்னதாக ஒரு முனகல், முடிந்தது. நெஞ்சோடு இருந்தால் குழந்தைக்கு வலி குறைவாகத் தெரியும் என்பதும் ஆராய்ந்து பார்த்த விஷயம்தான். பால் கணக்கும் இதில் சேர்த்தி. முதலில் டியூப், பிறகு பாலாடை. நம் பாட்டிகளின் அதே பாலாடையை ஐசியூவில் பார்த்ததும் அத்தைக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. நெஞ்சில் வைக்கத் தொடங்கிய பிறகுதான் மனைவிக்குப் பால் நன்றாக ஊறியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை, இந்தப் பக்கம் பெற்றோர் என்ற ஏற்பாட்டின் வரலாறும் வேடிக்கை. 1880களில் பாரிஸில் தார்னியே என்ற டாக்டருக்கு இன்குபேட்டர் யோசனை வந்தது, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான். பிறகு நியூயார்க்கின் கோனி தீவில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் பெட்டிக் குழந்தைகளைப் பொருட்காட்சியாகவே வைத்தார். டிக்கெட் 25 சென்ட். அந்தக் காசில் பெற்றோரிடம் ஒரு பைசா வாங்காமல் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கங்காரு முறை பிறந்தது அதற்கு நேர் எதிரான இடத்தில். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை அடுக்க வேண்டிய நெருக்கடியில், எட்கர் ரெய் என்ற டாக்டர் குழந்தைகளை அம்மாக்களின் நெஞ்சில் கட்டச் சொன்னார். பெட்டி இல்லாத குறைக்கு வந்த மாற்றுதான். ஆனால் அங்கே 1990களில் இப்படி வளர்ந்தவர்களை இருபது வயதில் திரும்ப அழைத்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு, துறுதுறுப்பும் மூர்க்கமும் குறைவு. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் பெரிய தாவல் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டி ஜெயிக்கும் இடங்கள் உண்டு. தோல் காகிதம் மாதிரி இருக்கும் 25, 26 வாரக் குழந்தைக்கு முதல் நாட்களில் அந்த ஈரப்பதம் வேண்டும். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு வைக்கும்போது பெட்டிதான் வசதி. அம்மாவே ஐசியூவில் கிடந்தால், வேறு ஆளும் இல்லாவிட்டால், பெட்டியை விட்டால் கதியில்லை. என் மகளுக்கு மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் மட்டுமே இருந்தது, வென்டிலேட்டர் போடவில்லை. அதனால் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் பெற்றோருக்கு என் அனுபவத்தை வைத்து எதையும் சொல்லத் துணிய மாட்டேன். பிறக்கும்போது மூச்சுத் திணறிய நிறைமாதக் குழந்தையின் மூளையைக் காக்க 72 மணி நேரம் உடம்பைக் குளிர்விப்பது முற்றிலும் வேறு விவகாரம். இதை அதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மகளுக்கு இப்போது மூன்றரை வயது. கொஞ்சம் தாமதமாக நடந்தாள், இப்போது பேச்சை நிறுத்துவதே இல்லை. கங்காருவால்தான் இப்படி என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அதே குழந்தையைப் பெட்டியில் வைத்து இன்னொரு முறை வளர்த்துப் பார்க்க முடியாதே.

உள்ளே போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு சின்ன விஷயம். முன்பக்கம் பட்டன் வைத்த பருத்திச் சட்டை நாலு எடுத்துக்கொள்ளுங்கள். வளையல், வாட்ச், மோதிரம் வீட்டோடு இருக்கட்டும். கூடவே உள்ளங்கை அளவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. குழந்தை நெஞ்சில் இருக்கும்போது அதன் உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது. கண்ணாடியைத் தோள் பக்கமாக லேசாகச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். என் மகள் தூக்கத்தில் சிரித்ததை நான் முதலில் பார்த்தது அதில்தான்.