ஆறு பற்றறியா, ஒன்பது கிலோப் பெட்டியா?

போன வருடம் பாவித்த பேஸ் அம்ப் ஒன்று, அதாவது பேஸ் கிற்றாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி ஒன்று, வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் பேஸ் கிற்றார் வாசிக்கிற பெடியன்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணை, வீட்டில வச்சுப் பழக எதை வாங்கிறது?" எல்லோரும் என்றால் மொத்தம் நாலு பேர். பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் பேஸ் வைத்திருப்பவர்களை எண்ண ஒரு கை போதும். மற்றவர்கள் எல்லோருக்கும் லீட் கிற்றார்தான் வேண்டும்.

இது பழகுவதற்கான அம்பைப் பற்றிய கதை மட்டும். திருவிழா மேடைக்கும் கலியாண வீட்டுக்கும் சவுண்ட்காரர் தன் பெட்டிகளோடு வருவார், அங்கே நம்முடைய சின்னப் பெட்டிக்கு வேலையே இல்லை. வீட்டு அறை, பக்கத்து அறையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, வெளியே மாமரத்தடி. இவ்வளவுதான் அந்த அம்பின் உலகம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததை ஓடிக் கடந்துவிடுகிறேன். லீட் கிற்றார் அம்பில் பேஸைச் செருகிச் சத்தத்தைக் கூட்டாதீர்கள், ஸ்பீக்கர் கிழியும். வீட்டில் இருக்கும் சப்வூஃபர் செட்டில் நேரடியாகக் கொடுத்தால் சத்தம் வரும், ஆனால் மங்கலாக, உயிரில்லாமல் வரும். கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற கிற்றாரின் பிக்அப் எதிர்பார்க்கிற இன்புட் அது இல்லை. வாட் கணக்கில் அதிகம் மயங்க வேண்டாம். 15 வாட்டுக்கும் 25 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 டெசிபலுக்குச் சற்று மேல், காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் தேவை.

சரி, மிஞ்சுவது மூன்று வகை.

ஒன்று, கிற்றாரிலேயே நேராகச் செருகி ஹெட்போனில் கேட்கிற தீப்பெட்டி அளவுச் சாமான். வொக்ஸ் அம்பிளக் போன்றது. இரண்டு சின்ன டிரிபிள்-ஏ பற்றறியில் ஓடும், பேஸுக்கென்று தனி மொடல் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கும் வாசிக்கலாம், ஒருவரும் எழும்பி வந்து ஏச மாட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால் அடித்தளச் சத்தம் இதில்தான் மிகத் தெளிவாகக் கேட்கும். பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹேர்ட்ஸில் அதிரும். அதை அப்படியே எழுப்ப எட்டு அங்குல ஸ்பீக்கருக்குப் பலம் போதாது. நாம் கேட்பதில் பெரும்பகுதி 82, 123 என்று மேலே போகும் அதன் மடங்குகள், மிச்சத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. நல்ல ஹெட்போனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள், தெரியும். இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கவும் வழியில்லை.

இரண்டாவது, பற்றறியில் ஓடும் சின்ன அம்ப். றோலண்ட் மைக்ரோ கியூப் பேஸ் ஆர்எக்ஸ், பிளாக்ஸ்டார் ஃபிளை 3 பேஸ் போன்றவை. இரண்டுக்கும் ஆறு டபிள்-ஏ பற்றறி. றோலண்டில் நாலு அங்குல ஸ்பீக்கர் நாலு, கூடவே தாளம் போடவும் வசதி உண்டு. பிளாக்ஸ்டார் வெறும் 3 வாட், ஒரு கையில் தூக்கலாம்.

மூன்றாவது, சுவரில் செருகுகிற, எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட மரப்பெட்டி. ஃபெண்டர் ரம்பிள் 25, அம்பெக் பிஏ-108, லேனி ஆர்பி1 எல்லாம் இந்த இனம். நான் வாங்கியதும் இதில் ஒன்றுதான். எது என்று சொல்லவில்லை. சொன்னால் அதையே தேடி அலைவீர்கள், பாவித்த சாமானில் பெயரைவிட அதன் நிலைதான் முக்கியம்.

நான் இரண்டாவது வகையைத்தான் வாங்க இருந்தேன். கூட்டாளி ஒருவரிடம் இருந்ததை இரண்டு கிழமை இரவல் எடுத்தும் வாசித்தேன். மாமரத்தடியில் கதிரையைப் போட்டு, வயர் இல்லாமல் வாசிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நினைத்தால், இந்த வகைக்குத்தான் முதலிடம் கொடுக்கத் தோன்றும். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் இந்தக் கட்டுரையைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்.

மனதை மாற்றியது எங்கள் சந்தியில் றேடியோ திருத்துகிற அண்ணை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 90-களில் யுத்தத்தின்போது அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடக்கம் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, தைனமோவில் இருந்து வயர் இழுத்துச் செய்தி கேட்ட காலம். தைனமோ தருவது 6 வோல்ட், அதுவும் ஏசி. அதை டயோட் போட்டு நேராக்கி, கப்பாசிற்றர் போட்டு இரைச்சலை அடக்கி, றேடியோ கருகாமல் கொடுக்க வேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் செய்திவாசிப்பவரும் களைத்துப்போவார். அண்ணை தொழில் பழகியது அந்தத் தைனமோக்களில்தான். ஒரு சாமானைத் திறந்து, கரண்ட் எந்த வழியால் வந்து எந்த இடத்தில் நின்றுபோனது என்று விரலால் தொடர்ந்து போகக்கூடியவர்.

ஐப்பசி இடியில் இன்னொரு நண்பரின் அம்ப் போய்விட்டது. அதுவும் சுவரில் செருகுகிறதுதான், ஆனால் புது ரகம், தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். கம்பனிப் பெயர் வேண்டாம், இடி எந்தக் கம்பனியையும் பார்த்து விழுவதில்லை. அதை அண்ணையிடம் கொண்டுபோனோம். திறந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், மூடினார்.

"தம்பி, இதில ஈயக்கோல் வைக்கவே இடமில்லை. சர்க்கிற் போர்ட்டையே மாத்தோணும். போர்ட்டுக்கு எங்க போறது?"

போர்ட்டுக்குக் கொழும்பு போனது. பஸ்ஸில் பார்சல் போட்டு, அவர்கள் பார்த்து, வேறெங்கோ சொல்லி எடுப்பித்து, திரும்பி வர மூன்று மாதம். நண்பர் அதற்குக் கொடுத்த காசில் இன்னொரு பாவித்த அம்பே வாங்கியிருக்கலாம். 2022-இல் டொலர் 200 ரூபாய்ப் பக்கத்தில் இருந்து 360 வரை ஏறிய பிறகு, வெளியிலிருந்து வரும் எந்த உதிரிப்பாகத்தின் விலையையும் கேட்கப் பயமாக இருக்கிறது.

இங்கேதான் பெட்டியின் பாரம் கணக்கில் வருகிறது. பழைய முறையில் செய்த அம்புக்குள் கை நிறைகிற இரும்பு ட்ரான்ஸ்போமர் இருக்கும், பாரத்தில் பெரும்பங்கு அதுதான். அது 230 வோல்ட்டை வாங்கிக் குறைத்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு நாலு டயோட், இரண்டு பெரிய கப்பாசிற்றர், சத்தத்தைக் கூட்ட ஓர் ஐசி அல்லது இரண்டு மூன்று ட்ரான்சிஸ்டர். பழுதாகக்கூடிய ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், காலில் ஈயத்தை உருக்கிக் கழற்றலாம். சின்ன அம்புகள் பலவற்றில் டீடீஏ 2030, 2050 போன்ற ஐந்து கால் ஐசிகளைப் பார்க்கலாம். வீட்டுச் சப்வூஃபர் செட்டுக்குள்ளும் அதே இனம்தான் என்பதால் அண்ணையின் லாச்சியில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

பாரம் குறைந்த புது ரகத்தில் அந்த இரும்பு இல்லை. வரும் கரண்டை வேகமாக வெட்டி வெட்டிக் குறைக்கிற சர்க்கிற், மணல் அளவு உதிரிகள், எல்லாம் ஒரே போர்ட்டில். நன்றாகத்தான் வேலை செய்யும். பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று பின்னால் எழுதியிருக்கும், மாலையில் வோல்ட் இறங்குகிற ஊருக்கு அது உண்மையிலேயே நல்ல குணம். ஆனால் போனால் போனதுதான். பற்றறி அம்புகளும் உள்ளே இந்தச் சாதிதான். மேலதிகமாக அவற்றுக்கு இன்னொரு நோய் இருக்கிறது: மழைக்காலத்தில் மூன்று மாதம் தொடாமல் வைத்தால் மலிவுப் பற்றறி கசிந்து தகட்டைத் தின்றுவிடும். என் டோர்ச்லைட் இரண்டு அப்படிப் போயிருக்கின்றன. மீளச் சார்ஜ் ஏற்றக்கூடிய பற்றறி போடலாம்தான், ஆனால் ஒன்றுக்கு 1.2 வோல்ட் வீதம் ஆறுக்கு 7.2 தான் வரும், புதுச் சாதாரணப் பற்றறியின் 9 வராது. பெரும்பாலான அம்ப் அதற்குச் சம்மதிக்கும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே நான் பாரத்தை வாங்கினேன். கொழும்பிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல். அநுராதபுரம் தாண்டியபோது கால் விறைத்துவிட்டது.

வந்த ஆறாம் மாதமே வேலை வைத்தது. வொலியூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று மண் அரைபடுகிற சத்தம். எங்கள் பாதைத் தூசிக்கு அது வராவிட்டால்தான் அதிசயம். அண்ணை திறந்து, குமிழின் உள்ளே மருந்தடித்து, பத்துத் தரம் இப்படியும் அப்படியும் திருப்பினார், சத்தம் போய்விட்டது. பிறகு பெட்டிக்குள் இருந்து ஒரு காய்ந்த பல்லியையும் எடுத்து மேசையில் வைத்தார். பின்பக்கக் காற்றோட்டத் துளைக்கு இப்போது நுளம்பு வலை ஒட்டியிருக்கிறேன். மொத்தச் செலவு ஒரு பிரியாணிக்குக்கூட வராது.

இந்த வகைக்குத் தொல்லை இல்லையென்று நினைக்க வேண்டாம். முக்கியமானது ஏர்த். மூன்று முள்ளில் ஒன்று சும்மா இருப்பதில்லை. ஏர்த் ஒழுங்காக இல்லாத வீட்டில் அம்ப் உறுமும், சிலவேளை கம்பியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறும். அப்படி இருந்தால் அம்பை மாற்றாதீர்கள், வயறிங்காரரைக் கூப்பிடுங்கள். இடி முழங்கினால் சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது, பிளக்கை இழுத்துவிட வேண்டும். சோலார் வைத்திருப்பவர்கள் மலிவு இன்வேர்ட்டரில் இதை ஓட்டினால் ட்ரான்ஸ்போமர் வண்டு மாதிரி இரையும். நல்ல இன்வேர்ட்டரில் அப்படி இல்லை என்று சொல்கிறார்கள், நான் கேட்டுப் பார்த்ததில்லை. ஐந்து கம்பி பேஸிலும் எனக்கு அனுபவம் குறைவு. அதன் பீ கம்பி 31 ஹேர்ட்ஸ் வரை இறங்கும், எட்டு அங்குலத்துக்கு அது நிச்சயம் பாரமான வேலை. பத்து அங்குலம் பாருங்கள் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

பாவித்ததை வாங்கும்போது நான் பார்ப்பது கொஞ்சம்தான். செருகி, ஒன்றும் வாசிக்காமல் ஒரு நிமிடம் கேட்பேன், உறுமல் இருந்தால் பெரிய கப்பாசிற்றரில் சந்தேகம். பிறகு ஈ கம்பியை அடித்துவிட்டு ஸ்பீக்கரின் விளிம்பை டோர்ச் அடித்துப் பார்ப்பேன். கடைசியாகப் பின்பக்க ஆணிகளை எண்ணுவேன். ஆணி குறைந்திருந்தால் யாரோ உள்ளே போய்வந்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஏன் போனார்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். திரும்ப விற்பதைப் பற்றி யோசிக்கவேயில்லை, இங்கே வாங்க ஆள் எங்கே?

அந்த நாலு பெடியன்களில் ஒருவனுக்குக் கனடாவில் மாமா. கேள்வி கேட்டவன் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, மாமா ஊருக்கு வந்தபோது ஒரு அம்பைக் கொண்டுவந்துவிட்டார். நல்ல பெட்டி, பாரமான பெட்டி. பின்னால் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. நல்ல காலம், செருகுமுன் என்னிடம் கொண்டுவந்தான். செருகியிருந்தால் பியூஸோடு நின்றிருக்கலாம், நில்லாமலும் விட்டிருக்கலாம். 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கிற ஸ்டெப்-டவுன் ஒன்று வாங்கிப் போடலாம், அம்பின் பின்னால் எழுதியிருக்கும் வாட்டைவிட இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து. ஆனால் மலிவானவற்றில் ஏர்த் அங்கேயே அறுந்துபோகும்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கக்கூடும். இப்படியான சில ட்ரான்ஸ்போமர்களில் இரண்டு சுற்று கம்பி தனித்தனியாக இருக்கும். பக்கம் பக்கமாக இணைத்தால் 120-க்கு, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 230-க்கு. இருக்கிறதா இல்லையா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். பெட்டி இப்போது சந்திக் கடையில் அண்ணையின் மேசையில் கிடக்கிறது. அவர் பார்க்கும் வரை பெடியன் என்னுடைய அம்பைக் கொண்டுபோயிருக்கிறான். பேஸ் குமிழை முழுக்கத் திருப்பாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். நேற்று இரவு இரண்டு வளவு தள்ளி அதன் சத்தம் கேட்டது, முழுக்கத்தான் திருப்பியிருக்கிறான்.