பால்மா விமான நிலையத்தில் கார் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் (பால்மா அதன் தலைநகர்) ஏழு நாளுக்கு 74 பவுண்டுக்குக் கார் கிடைக்கிறது என்றதும், வாயைப் பிளந்துகொண்டு லண்டனிலிருந்தே புக் செய்தவன் நான். அதற்கு மேல் 490 யூரோ அழுதுவிட்டு வந்திருக்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒன்றைத் தவிர்த்தால் பக்கத்துக் கவுண்டரில் இதே கதைதான் நடக்கும் என்று வரிசையில் நின்றவர்களே சொன்னார்கள்.

புக்கிங்கில் 'பால்மா விமான நிலையம்' என்றுதான் போட்டிருந்தது. இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கவுண்டர் உள்ளே இல்லை. அவர்களுடைய வேன் வந்து வெளியே ஒரு ஷெட்டுக்குக் கூட்டிப்போகும். வேனுக்கு நாற்பது நிமிடம், டோக்கன் வரிசையில் ஒரு மணி நேரம். கவுண்டரை நெருங்கும்போது இரவு பன்னிரண்டரை. குழந்தை பெட்டி மேலேயே தூங்கிவிட்டாள். "என்னங்க, எதையாவது கையெழுத்துப் போட்டுட்டு வாங்க, போலாம்" என்றாள் மனைவி. அந்த நேரத்துக்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள் போல.

வாடகைக் காருக்கு அடிப்படைக் காப்பீடு உண்டு. ஆனால் சேதம் வந்தால் முதல் 1,200 யூரோ நம் தலையில். அதற்காகவே வெளியில் 28 பவுண்டுக்குத் தனி பாலிசி எடுத்து வைத்திருந்தேன். கவுண்டர்காரர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது இங்கே செல்லாது" என்றார். பாதி உண்மையை எப்படிப் பொய்யாக்குவது என்று இவரிடம் பாடம் படிக்கலாம். அந்த பாலிசியைக் காட்டினாலும் கம்பெனி டெபாசிட் வாங்காமல் விடாது என்பது நிஜம். சேதம் வந்தால் முதலில் நாம் கட்டிவிட்டு, பிறகு பாலிசிக்காரரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம். 'செல்லாது' என்பது வேறு.

டெபாசிட் 1,200 யூரோவை கிரெடிட் கார்டில் முடக்கி வைக்க வேண்டும். டெபிட் கார்டு ஆகாது. கார்டு ஓட்டுநர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஹோட்டலுக்குக் கட்டியதில் என் கார்டில் அவ்வளவு லிமிட் பாக்கி இல்லை. மனைவி கார்டை நீட்டினேன், ஓட்டுநர் நான் என்பதால் வாங்கவில்லை. வேறு வழி? அவர்களுடைய 'முழு' காப்பீடு, நாளுக்கு 26 யூரோ. ஏழு நாளுக்கு 182. அதோடு முழு டேங்க் பெட்ரோலுக்கு 98 யூரோ. காலியாகத் திருப்பிக் கொடுக்கலாம், மிச்சம் இருந்தால் பணம் வராது. மயோர்க்காவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூறு கிலோமீட்டர் அளவுதான். வடக்கே அல்குடியாவில் தங்கி, ஒரு நாள் மலைப்பாதை, இரண்டு நாள் பால்மா என்று சுற்றியும் திரும்பும்போது முள் பாதிக்கு மேலேயே நின்றது.

கையெழுத்து ஒரு சின்னத் திரையில். பெட்டிகளில் டிக் எல்லாம் ஏற்கெனவே விழுந்திருந்தன, வாசகம் ஸ்பானிஷில். கார்டு மெஷினை என் பக்கம் திருப்பும் முன்பே யூரோவுக்குப் பதில் பவுண்டு என்று அவரே அமுக்கிவிட்டார். அந்த மாற்று விகிதத்தில் ஒரு இழப்பு தனி. மெஷின் கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்கள்.

காரை இருட்டு நிறுத்தத்தில், கழுவி ஈரம் சொட்டச் சொட்டக் கொடுத்தார்கள். தண்ணீர் நிற்கும் பெயின்டில் கீறல் கண்ணுக்குத் தெரியாது. நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன், சக்கரத்தைக் கிட்டே போய் எடுக்கவில்லை. ஏழாம் நாள் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, டார்ச்சோடு வந்த கம்பெனிக்காரர் நேராகச் சக்கரத்தருகே குந்தினார். ரிம்மை விரலால் தடவி, நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டிக் காட்டினார். ஒரு நகம் நீளம் இருக்கும். 'முழு' காப்பீட்டில் டயர், ரிம், கண்ணாடி, காரின் அடிப்பாகம் சேராதாம். 165 யூரோ ரிம்முக்கு, 45 யூரோ 'நிர்வாகக் கட்டணம்'.

ஸ்பெயினில் வாடிக்கையாளர் கேட்டால் புகார்ப் படிவம் கொடுத்தாக வேண்டும். 'ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்' என்று பெயரைச் சொல்லியே கேட்டேன். முதலில் "தீர்ந்துவிட்டது" என்றார்கள். போலீஸுக்குப் போன் செய்யட்டுமா என்றதும் மேஜை இழுப்பறையிலிருந்தே வந்தது. ஒரு பிரதி என் கையில் இருக்கிறது, பதில் இன்னும் இல்லை. லண்டன் வங்கியில், கிரெடிட் கார்டில் வாங்கியதில் தவறு நடந்தால் வங்கியும் பொறுப்பு என்கிற, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று முடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இனி நான் போனால் ஏ1 பஸ் ஏறி பால்மா நகருக்குள் போய்விடுவேன். அங்கிருந்து சோயர் என்ற ஊருக்கு 1912 முதல் ஓடும் மர ரயில் இருக்கிறது, குழந்தைக்கும் அதுதான் பிடிக்கும். கார் வேண்டியே ஆகவேண்டும் என்றால், 'முழு டேங்க் வாங்கி முழு டேங்காகத் திருப்பு' என்று எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். ஓட்டுபவர் கார்டில் டெபாசிட் அளவு லிமிட்டைக் கிளம்பும் முன்பே காலியாக வையுங்கள். ஈரக் காரைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு ஓட்டிவந்து, ரிம் நான்கையும் வீடியோ எடுத்த பிறகே கிளம்புங்கள்.

ரிம்முக்குக் கட்டிய 165 யூரோ மட்டும் பத்தொன்பதாம் நாள் என் கணக்கில் திரும்ப வந்தது. கொடுத்தது, அந்தச் 'செல்லாத' 28 பவுண்டு பாலிசி.