செல்ஃப் அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகலையா? உடனே பம்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதை முழுக்கப் படியுங்கள். இல்லாத பழுதுக்கு என்னிடம் 14,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் வீட்டு முற்றத்தில் நின்ற பெட்ரோல் கார் காலையில் கிளம்பவில்லை. செல்ஃப் நன்றாக அடித்தது, இன்ஜினும் சுற்றியது, ஆனால் பிடிக்கவே இல்லை. அப்படிச் சுற்றினால் பேட்டரியையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பார்கள் என்று நம்பித்தான் நாகர்கோவில் போகும் வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம்.

அங்கிருந்த மெக்கானிக் பானட்டைத் திறந்தார், சாவியைத் திருப்பினார், அவ்வளவுதான். "பம்பு போச்சு சார். பேடிக்காண்டாம், சாயங்காலம் வண்டிய எடுத்துட்டுப் போலாம்" என்றார். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில், இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் அந்தப் பம்பு ஓரிரு விநாடி ஓடுகிற சத்தம் கேட்கிறதே என்றேன். "சத்தம் வரும், பிரஷர் வராது" என்றார். அப்படியும் நடக்கும்தான். அதனால்தான் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது. அவர் கேஜும் மாட்டவில்லை, வண்டியின் பழுதைக் காட்டும் ஸ்கேனரும் போடவில்லை.

புது பம்பு போட்ட பிறகும் வண்டி கிளம்பவில்லை. அடுத்து, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரைக் காட்டி "இசிஎம் போச்சு, 35,000 ஆவும்" என்றார். பம்புக்கும் கூலிக்கும் பணம் கட்டினால்தான் வண்டியை விடுவேன் என்று நின்றார். பழைய பம்பைக் கேட்டதற்கு, ஆக்கர்காரனுக்கு (பழைய இரும்புக்காரருக்கு) போட்டாச்சாம். கையில் கிடைத்தது துண்டுச் சீட்டு மட்டும்.

அப்புறம் தக்கலையில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பார்த்தார். "ஆர்பிஎம் முள்ளு அசையவே இல்ல அண்ணே, கிராங்க் சென்சாரப் பாப்போம்." ஸ்கேனரில் பி0335 என்று பழுதுக் குறியீடு வந்தது. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டுக்கான குறியீடு அது. இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் கிடைக்காததால் கம்ப்யூட்டர் தீப்பொறியும் கொடுக்கவில்லை, பெட்ரோலும் விடவில்லை. வண்டிக்கு அடியில் பார்த்தால் சென்சார் வயரை எலி கடித்திருந்தது. ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் மழைக்காலத்தில் எலி பானட்டுக்குள் ஏறுவது இங்கே யாருக்குத் தெரியாது? வயரை ஒட்டி, ஸ்லீவ் போட்டார். முதல் செல்ஃபிலேயே பிடித்தது. வாங்கியது 600 ரூபாய்.

தெரியாமல் தவறு செய்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். சோதிக்காமலே ஒரு பாகத்தை மாற்றி, அதுவும் பலிக்காதபோது அதைவிட விலையான பாகத்துக்குக் கை காட்டியதுதான் ஆறவில்லை.

இதே நிலைமை உங்களுக்கு வந்தால் ஸ்கேனரில் வந்த குறியீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பம்பு என்றால் கேஜ் ரீடிங்கைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் பம்பின் பியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள், அவை மலிவான சாமான்கள். மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னினால், திருட்டைத் தடுக்க வண்டியைக் கிளம்பவிடாத இம்மொபிலைசராகவும் இருக்கலாம். பழைய பாகம் என் கைக்கு வரணும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.